வைத்தியர் சோக்கிரதீஸும் கொறிந்தியன்ஸ் சனநாயகமும்

ஒரு கவிஞனைப் பற்றி எழுதப் புகும்போது அவன் வாழ்ந்த காலத்தையும், அக்காலத்தின் வர்க்க உறவுகளையும், அவற்றினிடையே அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதையும் தேடிச் செல்லும் நமது விமர்சகர்கள், விளையாட்டு வீரன் ஒருவனைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் வாய் மூடிவிடுகின்றனர். விளையாட்டு மக்களை மயக்கும் மது என்ற ஒரு வாக்கியத்தோடு அவர்களது ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. மறுபுறத்தில், நாம் கற்பிக்கும் மாணவரோ வீரர்களின் கோற் கணக்கை மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். அவ்வீரனை விற்றவர் யார், வாங்கியவர் யார், ஆட்டத்துக்கு முதல்நாள் இரவை அவன் எங்கே கழித்தான் என்று கேட்டால் விழிக்கின்றனர். ஒதுக்குபவரும் மயங்குபவரும் ஒரே விடயத்தைத்தான் காணத் தவறுகின்றனர். உதைபந்தாட்டக்காரன் ஓர் உழைப்பாளி. அவனுடைய உழைப்புக்கும் ஒரு சந்தை உண்டு. அச்சந்தைக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றில் பிறேசில் நாட்டின் நடுக்கள வீரர் சோக்கிரதீஸின் வாழ்வு தனித்து நோக்கத்தக்கது. அவர் மிகப்பெரிய ஆட்டக்காரர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பிறேசிலுக்காக 60 ஆட்டங்களில் ஆடி 22 கோல்கள் போட்டவர். 1982 உலகக் கிண்ணப் போட்டியில் அணித்தலைவராக விளங்கியவர். எனினும் கோல்களால் மட்டும் அளந்தால் அவரைவிடப் பெரியோர் பலர் அந்நாட்டில் உளர். தம்முடைய திறமைக்குக் கிடைத்த செல்வாக்கை அவர் எதற்காகச் செலவிட்டார் என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

சோக்கிரதீஸ் 1954ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, அமேசன் நதிப் பிரதேசத்தின் பெரு நகராகிய பெலெமில் பிறந்தார். தந்தையார் றைமுண்டோ வறுமை மிக்க வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர். முறையான பள்ளிப்படிப்பு அதிகம் வாய்க்காதவர். தாமே கற்று அரசாங்க உத்தியோகம் பெற்றவர். தாமே கற்றவர்களுக்குப் புத்தகத்தின்மீது உண்டாகும் காதல் ஒரு தனிக் காதலாகும். கிரேக்க ஞானிகளின் நூல்களில் ஈடுபட்டிருந்த அவர், மூத்த மகனுக்குச் சோக்கிரதீஸ் என்றும், அடுத்த இருவருக்குச் சோபோக்கிளீஸ், சொஸ்தேனீஸ் என்றும் பெயரிட்டார். கடைசி மகன் றயி பிறந்த காலத்தில் கிரேக்க மோகம் தணிந்துவிட்டது போலும். (அந்த றயியே 1994இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிறேசில் அணியில் இடம்பெற்றவர், தமையனுக்குக் கிட்டாதது தம்பிக்குக் கிட்டியது.) குடும்பம் பின்னர் சாவோ பாலோ மாநிலத்தின் உள்நாட்டு நகராகிய ரிபெய்ராவோ பிறெற்றோவிற் குடியேறிற்று.

1964ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத் தொடக்கத்தில் பிறேசிலின் சனாதிபதி கூலாரின் அரசாங்கத்தை இராணுவம் கவிழ்த்தது. காணிச் சீர்திருத்தம் பற்றியும் எழுத்தறிவற்றோர்க்கு வாக்குரிமை வழங்குவது பற்றியும் பேசிய அரசாங்கம் அது. நிலவுடைமையாளரும் பெருமுதலாளிகளும் அந்நிய மூலதனமும் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்நாட்களில் ஒரு நாள், தந்தையார் தம் அரிய நூல்களை எடுத்துத் தீயிலிட்டதைப் பத்து வயதுச் சிறுவன் சோக்கிரதீஸ் கண்டான். எரிந்த நூல்களுள் ரசியப் போல்சுவிக்குகள் பற்றிய நூலும் ஒன்று. வீட்டில் அந்நூல் இருப்பதே ஆபத்து என்று அஞ்சிய ஒரு குடும்பத் தலைவனின் செயல் அது. பிற்காலத்தில் தம் அரசியல் உணர்வு எங்கே தொடங்கிற்று என்று கேட்கப்பட்டபோதெல்லாம் சோக்கிரதீஸ் இந்தத் தீயையே நினைவுகூர்ந்தார். எந்தக் கட்சியின் வகுப்பும் புகட்டியிராத பாடத்தைப் புத்தகத்தை நேசித்த ஒரு மனிதனின் அச்சம் புகட்டிவிட்டது.

இராணுவ ஆட்சி இருபத்தோராண்டுகள் நீடித்தது. 1968 டிசெம்பரில் பிறப்பிக்கப்பட்ட ஐந்தாம் நிறுவனச் சட்டம் நாடாளுமன்றத்தை மூடவும், ஆட்களைக் காரணமின்றிச் சிறைப்படுத்தவும் ஆட்சியாளருக்கு அதிகாரம் அளித்தது. சித்திரவதை ஆட்சிமுறையின் ஓர் அங்கமாயிற்று. அதே ஆட்சியாளர் உதைபந்தாட்டத்தின் பயனை நன்கறிந்திருந்தனர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவரான சல்டான்யா பிறேசில் அணியை உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறச் செய்திருந்தும், 1970 மார்ச் மாதத்தில் பயிற்றுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சில மாதங்களின் பின் மெக்சிக்கோவில் கிண்ணம் வெல்லப்பட்டபோது, அவ்வெற்றியின் ஒளியில் நின்று படம் பிடித்துக்கொண்டவர் சர்வாதிகாரி மெடிசி. மக்களின் கலையை மக்களின் எதிரி தன் மார்பில் பதக்கமாகக் குத்திக்கொள்வது புதுமையன்று. ஆனால் அதைக் காரணங்காட்டி அக்கலையையே பகைவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது எவ்வகையில் நியாயம்?

இந்தப் பின்னணியிலேதான் சோக்கிரதீஸ் வளர்ந்தார். சாவோ பாலோப் பல்கலைக்கழகத்துக்குரிய ரிபெய்ராவோ பிறெற்றோ வைத்தியபீடத்தில் மாணவராகச் சேர்ந்தார். அதே வேளையில் அந்நகரின் பொட்டபோகோக் கழகத்துக்கு ஆடலானார். படிப்பை விட முடியாது என்பதில் உறுதியாக நின்றமையால், பயிற்சிகளுக்கு ஒழுங்காக வராமலே போட்டிகளில் ஆடக் கழகம் அவருக்கு இடமளித்தது. 1977இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அதுவரை பெரிய கழகங்களின் அழைப்புக்கு அவர் இணங்கவில்லை.

இங்கு நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஏனெனில் அவருடைய ஆட்டப்பாணியின் தோற்றுவாய் இந்த மாணவ வாழ்க்கையே. மேதைகளின் பாணி வானத்திலிருந்து இறங்குவதாகக் கூறும் விமர்சனம் விளையாட்டுலகிலும் உண்டு. சோக்கிரதீஸின் பாணியோ அவரது வாழ்க்கை நிலைமைகளினின்று பிறந்தது. அவர் ஆறடிக்கும் மேல் உயர்ந்த ஒல்லியான மனிதர். அவ்வுயரத்துக்குப் பாதங்கள் சிறியன. விரைந்து திரும்புவது அவருக்கு எளிதன்று. பயிற்சி குறைவாதலால் தொண்ணூறு நிமிடமும் ஓடிக் களைக்கும் வலுவும் இல்லை. முரட்டுத் தடுப்பாட்டக்காரனோடு உடலாலே மோதி வெல்லவும் இயலாது. ஆகவே பந்து தம்மிடம் வருமுன்னரே அது அடுத்து எங்கே போகவேண்டும் என்பதை அவர் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. ஒரே தொடுகையிற் பந்தை அனுப்பிவிடுவது அவர் வழக்கமாயிற்று. திரும்ப நேரமில்லாதபோது திரும்பாமலே குதிக்காலால் உதைத்தனுப்பினார். பார்வையாளர் அதை வேடிக்கை எனக் கருதிக் கைதட்டினர். அவருக்கோ அது தேவை. குதிக்கால் உதை என்றதும் பிறேசிலில் அவர் பெயர் நினைவுக்கு வருமளவுக்கு அத்தேவை கலையாக முதிர்ந்தது.

நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவனின் பணி எத்தகையது? பந்து அவனிடம் தங்குவதற்கு வருவதில்லை. கடந்து செல்வதற்கு வருகிறது. தான் ஓடுவதிலும் பார்க்கப் பிறர் எங்கே ஓடப்போகிறார் என்பதை அறிவதே அவன் திறமை. முன்கள வீரன் போடும் கோலை ஊரே பேசும். அதற்கு மூன்று உதைகளுக்கு முன்னர் வெறுமையான ஓர் இடத்துக்குப் பந்தை அனுப்பியவனை ஆட்டத்தைக் கற்றவர் மட்டுமே காண்பர். சோக்கிரதீஸ் கோலும் போட்டார்: கொறிந்தியன்ஸ் கழகத்துக்காக 297 ஆட்டங்களில் 172 கோல்கள், நடுக்கள வீரர் ஒருவருக்கு இது வியப்பான கணக்கு. ஆயினும் அவருடன் ஆடியவர்கள் போற்றுவது அவர் பார்வையையே. தலையை நிமிர்த்தியபடி, அவசரமின்றி, பந்தைக் குனிந்து பாராமல் அவர் ஆடும் காட்சியைப் பழைய படச்சுருள்களில் நாம் இன்றும் கண்டு மகிழலாம்.

1978இல் அவர் கொறிந்தியன்ஸ் கழகத்துக்குச் சென்றார். இக்கழகத்தின் சமூக வேரை அறியாமல் பின்னிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள முடியாது. உதைபந்தாட்டம் செல்வந்தரின் பிள்ளைகளுக்குரிய விளையாட்டாக இருந்த காலத்தில், 1910 செப்டெம்பர் முதலாந் திகதி, சாவோ பாலோ நகரின் பொம் ரெத்திரோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், வீடுகளுக்கு வர்ணம் பூசுவோரும் சப்பாத்துத் தொழிலாளியும் உட்பட்ட ஐவர் கூடி அமைத்த கழகம் அது. அப்போது பிறேசிலுக்கு வந்து ஆடிய ஆங்கிலேய அணியொன்றின் பெயரை அதற்குச் சூட்டினர். பெயர் ஆங்கிலேயக் கனவான்களுடையது. ஆதரவாளரோ ஆலைத் தொழிலாளரும், வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும், சேரிவாசிகளும். 1954க்குப் பின் இருபத்துமூன்று ஆண்டுகள் மாநிலப் பட்டம் எதையும் வெல்லாதிருந்தும் அவ்வாதரவாளர் கூட்டம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. தோல்வியில் விட்டுப் போகாமை அவ்வர்க்கத்தின் பழக்கம் போலும். 1979இல், அரசியற் கைதிகளுக்கும் நாடு கடத்தப்பட்டோருக்கும் முழு மன்னிப்புக் கோரும் பதாகையை ஆட்ட அரங்கிலே விரித்தவர்களும் இக்கழகத்தின் இரசிகரே.

அக்காலத்துப் பிறேசிலில் உதைபந்தாட்ட வீரனின் நிலை என்ன? ‘பாசே’ எனப்படும் உரிமைச் சீட்டு கழகத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும், அச்சீட்டை வேறொரு கழகம் விலைகொடுத்து வாங்கினாலன்றி வீரன் இடம்மாற முடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறைக்குச் சட்ட வடிவம் கொடுத்திருந்தது. புகழ்பெற்ற ஒருசிலர் நீங்கலாக ஏனையோர் சொற்ப ஊதியத்துக்கே ஆடினர், பெரும்பாலோர் பள்ளியைப் பாதியில் விட்ட ஏழைகள், கணிசமானோர் கறுப்பர். இதற்கு மேலாக, ‘ஒருங்கு திரட்டல்’ என்னும் பொருள்படும் பெயரால் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு முன் வீரரை ஒரு விடுதியில் அடைத்து வைப்பார்கள். மனைவி மக்களைப் பார்க்க முடியாது. எத்தனை மணிக்குத் தூங்குவது, எதைத் தின்பது என்பவற்றையும் மேலதிகாரியே தீர்மானிப்பான். வயது வந்த மனிதர்களை, சிலர் தந்தையராயும் இருக்க, சிறுபிள்ளைகளாக நடத்தும் முறை இது. தோட்டத்து லயன் அறைகளைப் பற்றி எழுதிய எம் எழுத்தாளர்களின் வாசகருக்கு, உழைப்பவனின் ஓய்வு நேரத்தையும் உடைமையாக்கிக்கொள்ளும் அதிகாரத்தின் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

1981இல் கொறிந்தியன்ஸ் அணி மிகவும் தாழ்ந்துபோயிற்று. மாநிலப் போட்டியில் அடைந்த தோல்வியினால் 1982இன் தேசியப் போட்டியை இரண்டாம் பிரிவில் தொடங்க நேர்ந்தது. நெடுங்காலம் கழகத்தைத் தன் சொந்த வீடு போல ஆண்ட விசென்ரே மத்தேயுஸின் இடத்துக்கு வால்டெமார் பிரெஸ் தலைவராக வந்தார். உதைபந்தாட்டப் பிரிவுக்குப் பொறுப்பாளராக அடில்சன் மொன்ரெய்ரோ அல்வெஸ் என்னும் இளைஞர் நியமிக்கப்பட்டார். சமூகவியல் கற்ற இவருக்கு ஆட்ட நிர்வாகத்தில் அனுபவமில்லை. இல்லாமையே நன்மையாயிற்று. அவர் வீரரை அழைத்து, எது பிழை, எதை மாற்றலாம் என்று கேட்டார். அதுவரை அவர்களை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. இக்கேள்விக்கு விடை கூறத் தயாராக இருந்தவர் சோக்கிரதீஸ் மட்டுமல்லர். தொழிற்சங்கச் சிந்தனையும் கறுப்பினத் தன்மான உணர்வும் மிக்க இடப்பக்கப் பின்கள வீரர் விலாடிமிர் இருந்தார். பத்தொன்பது வயது நிரம்பாத கலகக்கார முன்கள வீரர் கசகிராண்டி வந்து சேர்ந்தார்.

இவ்வாறு உருவானதே ‘கொறிந்தியன்ஸ் சனநாயகம்’ எனப் பின்னர் பெயர்பெற்ற முறை. அதன் விதி எளிது: பொது விடயங்கள் வாக்குக்கு விடப்படும், நட்சத்திர வீரனுக்கும் ஒரு வாக்கு, உடைகளைக் காக்கும் ஊழியனுக்கும் ஒரு வாக்கு, பயிற்றுநருக்கும் பொறுப்பாளருக்கும் அதே ஒரு வாக்கு. பயணத்தில் பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பது முதலாக, எந்த வீரனைச் சேர்க்கலாம், யார் பயிற்றுநராகலாம் என்பது வரை இவ்வாறு தீர்மானிக்கப்பட்டது. விடுதியில் அடைத்துவைக்கும் வழக்கம் படிப்படியாகத் தளர்ந்து, விரும்பியவர் மட்டும் தங்கலாம் என்றாயிற்று. 1983இல் பயிற்றுநர் திரவாலினி விலகியபோது, தம்முள் மூத்த வீரரான சே மரியாவையே சில காலம் பயிற்றுநராகத் தெரிந்தெடுத்தனர்.

பேருந்து நிற்குமிடத்துக்கு வாக்கெடுப்பதா என்று நகைத்தவர் பலர். நாம் நகைக்கவில்லை. நாட்டின் சனாதிபதியைத் தெரிவு செய்ய எவருக்கும் உரிமையற்றிருந்த காலம் அது. வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் கருத்தை எவரும் கேட்டிராத ஒரு மனிதன், சிறு விடயத்தில் கையை உயர்த்திப் பழகினாலன்றிப் பெரு விடயத்தில் உயர்த்தமாட்டான். ஊமையாயிருந்த வீரர் பலர் முதலில் வாக்களிக்கவே கூசினர். எந்தப் பக்கம் பெரியவர் நிற்கிறாரோ அந்தப் பக்கமே சாய்ந்தனர். பேசவும், மறுக்கவும், தோற்ற பின்னர் பெரும்பான்மை முடிவை ஏற்கவும் பழகச் சில மாதங்கள் சென்றன. இதைச் சோக்கிரதீஸ் நன்குணர்ந்திருந்தார். வைத்தியப் பட்டமும் பெரும்புகழும் உடைய அவர், தனக்கென்று தனிச் சலுகைகளை எளிதிற் பெற்றிருக்கலாம்; பொட்டபோகோவில் பெற்றுமிருந்தார். அச்சலுகையை எல்லோருக்குமுரிய உரிமையாக மாற்ற முயன்றமையே இவ்விரண்டு காலங்களுக்கும் இடையிலான வேறுபாடு.

இதற்கிடையில் 1982 உலகக் கிண்ணம் ஸ்பெயினில் நடந்தது. ரெலே சன்ரானா பயிற்றுநர்; சோக்கிரதீஸ் அணித்தலைவர்; நடுக்களத்தில் அவருடன் சீக்கோ, பல்காவோ, செரேசோ. அதுபோன்ற நடுக்களம் அதன் முன்னும் பின்னும் அரிது என்பது பலர் துணிபு. எமது துணிபும் அதுவே. முதலாட்டத்தில் சோவியத் அணி முந்தியிருக்க, எழுபத்தைந்தாம் நிமிடத்தில் இரு தடுப்பாட்டக்காரரை ஏய்த்துத் தொலைவிலிருந்து சோக்கிரதீஸ் அடித்த பந்து வலையின் மேல் மூலையிற் பாய்ந்தது. ஏடெர் இரண்டாவதைப் போட்டார். ஸ்கொற்லாந்து, நியூசிலாந்து, ஆர்ஜென்ரீனா ஆகிய அணிகள் வரிசையாக வீழ்ந்தன. யூலை 5ஆம் திகதி பார்சலோனாவின் சாரியா அரங்கில் இத்தாலியைச் சந்தித்தபோது, அரையிறுதிக்குச் செல்லப் பிறேசிலுக்குச் சமநிலையே போதும். பாவுலோ ரொசி முதற் கோலைப் போட்டார். சீக்கோ அனுப்பிய பந்தைச் சோக்கிரதீஸ் கோலாக்கினார். ரொசி மீண்டும் போட்டார். பல்காவோ மீண்டும் சமமாக்கினார். அப்போது பின்வாங்கித் தற்காத்திருந்தால் போதுமாயிருந்தது. அவ்வணி பின்வாங்கவில்லை. ரொசியின் மூன்றாவது கோலுடன் 3க்கு 2 என்று ஆட்டம் முடிந்தது. அழகாக ஆடித் தோற்பது முட்டாள்தனம் என்று அன்றுமுதல் போதித்த பயிற்றுநர்கள் உலகெங்கும் பெருகினர். வெற்றியை மட்டும் கணக்கிடும் வணிகப் புத்தி ஆட்டத்திற் புகுந்த நாட்களில் அத்தோல்வி அதற்கு வாய்த்த சாட்சியாயிற்று என்பது வரலாற்றின் ஏளனம்.

ஊர் திரும்பிய சோக்கிரதீஸுக்கு வேறு வேலை காத்திருந்தது. 1982 நவம்பர் 15ஆம் திகதி, 1965க்குப் பின் முதற்றடவையாக மாநில ஆளுநரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் தேர்தல் நடைபெறவிருந்தது. வீரரின் மேற்சட்டையில் விளம்பரம் பொறிக்க அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. பிற கழகங்கள் வணிக நிறுவனங்களைத் தேடின. கொறிந்தியன்ஸ் வீரரின் முதுகிலோ, ‘15ஆம் திகதி வாக்களியுங்கள்’ என்ற சொற்கள் காணப்பட்டன. எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. ஆயினும் அச்சொற்கள் யாரைச் சுடும் என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். தேர்தலில் சாவோ பாலோ மாநிலத்தை எதிர்க்கட்சி வென்றது. ஒரு மேற்சட்டையின் வாசகத்தால் அது வென்றது என்று நாம் கூறவரவில்லை. 1978 முதல் சாவோ பாலோ நகரின் புறத்தே உலோகத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தங்களே இராணுவ ஆட்சியின் அடித்தளத்தை அசைத்தவை; அவ்வேலைநிறுத்தங்களின் தலைவர் லூலா கொறிந்தியன்ஸ் இரசிகர் என்பதும் தற்செயலன்று. ஆலையில் எழுந்த குரலின் எதிரொலி ஆடுகளத்திற் கேட்டது என்பதே பொருந்தும்.

ஆட்டத்திலும் அவர்கள் சோடை போகவில்லை. 1982, 1983 ஆகிய இரு ஆண்டுகளிலும், செல்வந்தர் கழகமெனப் பெயர்பெற்ற சாவோ பாலோக் கழகத்தை இறுதியில் வென்று மாநிலப் பட்டம் பெற்றனர். 1983 இறுதிப்போட்டியின் இரு ஆட்டங்களிலும் கொறிந்தியன்ஸ் போட்ட கோல்கள் இரண்டும் சோக்கிரதீஸ் போட்டவை. டிசெம்பர் 14ஆம் திகதி களம் புகும்போது வீரர் ஏந்திவந்த பதாகை, வென்றாலும் தோற்றாலும் எப்போதும் சனநாயகத்தோடு என்று கூறிற்று. கழகத்தின் கடன் தீர்ந்து மிகுதியும் சேர்ந்தது. கோல் போட்டபின் ஆரவாரிக்காமல், நிமிர்ந்து நின்று வலக்கையை முட்டியாக உயர்த்துவது சோக்கிரதீஸின் அடையாளமாயிற்று.

இம்முயற்சியில் குறைகள் இல்லாமலில்லை. 1983இல் சேர்ந்த புகழ்பெற்ற கோல் காப்பாளர் லெயாவோ இம்முறையை வெளிப்படையாக எதிர்த்தார். சோக்கிரதீஸ், விலாடிமிர், கசகிராண்டி, பொறுப்பாளர் அடில்சன் ஆகிய சிலரின் விருப்பமே பெரும்பான்மையின் விருப்பமாக வேடம் பூணுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இதை எதிரியின் அவதூறு என்று முற்றாகத் தள்ளிவிட முடியாது. பேச்சுவன்மையும் புகழும் உள்ளவனின் ஒரு வாக்கு, பெட்டிக்குள் ஒன்றாக விழுந்தாலும் வெளியே பல வாக்குகளை இழுத்து வரும். அதனிலும் பெரிய குறை ஒன்றுண்டு. வாக்குரிமை வீரருக்குக் கிடைத்ததே தவிர, கழகத்தின் உடைமையும் நிர்வாக சபையும் பழைய கைகளிலேயே இருந்தன. ‘பாசே’ச் சீட்டும் சட்டப்படி கழகத்தினதே. மேலிருந்து திறக்கப்பட்ட கதவை மேலிருந்தே மூடலாம். சோக்கிரதீஸை ஒரு புரட்சியாளராகவே சித்திரிக்கும் எழுத்துக்கள் இவ்விடத்தைத் தொடாமல் தாண்டிச் செல்கின்றன. வீரவழிபாடு எமக்கு உடன்பாடன்று. அவருக்கும் உடன்பாடாக இருந்திராது.

1984இல் நாடு முழுவதும் ஒரே கோரிக்கை எழுந்தது: சனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவு செய்ய வேண்டும். அதற்கான அரசியற்சட்டத் திருத்தத்தை டான்ரே டி ஒலிவேய்ரா என்ற இளம் பிரதிநிதி முன்மொழிந்திருந்தார். ஏப்ரில் 16ஆம் திகதி சாவோ பாலோ நகரின் அன்யங்கபாவூ வெளியில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர் என்று கணக்கிடப்பட்டது. அம்மக்கட் கடலின் முன் மேடையில் நின்று சோக்கிரதீஸ் ஒரு வாக்குறுதி அளித்தார். இத்தாலியக் கழகம் ஒன்று அவரைப் பெருந்தொகைக்கு அழைத்திருந்தது. திருத்தம் நிறைவேறினால் தாம் நாட்டை விட்டுப் போவதில்லை என்றார். தன் உழைப்பின் சந்தை விலையையே ஒரு அரசியற் கோரிக்கையோடு பணயம் வைத்த இன்னொரு வீரனை நாம் அறியோம்.

ஒன்பது நாட்களின் பின், ஏப்ரில் 25ஆம் திகதி, திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வாக்குக்கு வந்தது. சார்பாக 298, எதிராக 65. ஆனால் மூன்றிலிரண்டு பங்குப் பெரும்பான்மைக்கு 320 வாக்குகள் வேண்டும். 113 பிரதிநிதிகள் சபைக்கே வரவில்லை. இருபத்திரண்டு வாக்குகள் குறைந்தன. எதிர்த்து வாக்களிக்கும் துணிவற்றவர், வராதிருந்தே மக்களைத் தோற்கடித்தனர். உடை காக்கும் ஊழியனின் ஒற்றை வாக்கையும் எண்ணிப் பழகிய மனிதருக்கு இந்தக் கணக்கு எவ்வாறு இருந்திருக்கும்!

சோக்கிரதீஸ் இத்தாலிக்குச் சென்றார். பியோரென்றீனாக் கழகத்தில் ஒரு பருவமே நிலைத்தார். கிராம்சியின் எழுத்துக்களை மூலமொழியிலேயே படிக்கும் விருப்பத்தை அங்கு அவர் கூறியதுண்டு. ஆனால் கடும் பயிற்சியும் குளிரும் கட்டுப்பாடும் நிறைந்த அவ்வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. அவர் இல்லாத கொறிந்தியன்ஸில், 1985 கழகத் தேர்தலில் அடில்சன் தோற்றார். வீரர் வாக்களிக்கும் முறையும் முடிவுற்றது. அதே ஆண்டில் இராணுவத்தினர் ஆட்சியை விட்டு விலகினர். எனினும் சனாதிபதி தெரிவாளர் சபையினாலேயே தெரிவு செய்யப்பட்டார். மக்கள் நேரடியாகச் சனாதிபதியைத் தெரிய 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1986 உலகக் கிண்ணம் மெக்சிக்கோவில் நடந்தபோது சோக்கிரதீஸ் முப்பத்திரண்டு வயதைத் தாண்டியிருந்தார். முந்திய ஆண்டின் பூகம்பத்தாற் சிதைந்திருந்த அந்நாட்டில், நெற்றியிற் கட்டிய பட்டியில் ‘மெக்சிக்கோ இன்னும் நிமிர்ந்து நிற்கிறது’ என எழுதி ஆடினார். நீதியையும் சமாதானத்தையும் பற்றிய வேறு வாசகங்களும் பின்வந்த ஆட்டங்களில் இடம்பெற்றன. காலிறுதியில் பிரான்சுடன் ஆட்டம் ஒன்றுக்கொன்று எனச் சமநிலையுற, தண்ட உதைகளில் அவருடைய உதையைக் கோல் காப்பாளர் பற்ஸ் தடுத்தார். ஓடிவந்து உதைக்கும் வழக்கத்துக்கு மாறாக ஓரடி ஈரடி வைத்தே உதைப்பது அவர் பாணி. போலந்துக்கெதிராக அதே முறையிற் கோல் போட்டிருந்தார். பின்னர் பிளமெங்கோ, சாந்தோஸ் கழகங்களில் ஆடி, தொடங்கிய இடமாகிய பொட்டபோகோவில் 1989இல் ஓய்ந்தார். அதன்பின் வைத்தியத் தொழிலும், பத்திரிகை எழுத்துமாகக் காலம் கழிந்தது. தேசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஊழலையும், உலகக் கிண்ணத்தை நடத்துவதன் பேரால் பொதுப்பணம் விரயமாவதையும் ‘கார்த்தா கப்பித்தால்’ இதழிற் கண்டித்து எழுதினார். பாசே முறை, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2001இல் ஒழிந்தது.

வைத்தியரான அவர் தம் உடலைப் பேணவில்லை. ஆடிய காலத்திலேயே புகைத்தார், குடித்தார், அதை மறைக்கவுமில்லை. பிறர் தூங்கும் நேரத்தை அதிகாரி தீர்மானிப்பதை எதிர்த்த நியாயம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி அவருடைய குடியையும் சுதந்திரத்தின் சின்னமாகப் பாடுவோரோடு நாம் உடன்படோம். ஈரல் கெட்டு, 2011இல் அடுத்தடுத்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். டிசெம்பர் 4ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, குடலிற் கண்ட தொற்று இரத்தத்திற் பரவி, ஐம்பத்தேழாவது வயதில் சாவோ பாலோவிற் காலமானார்.

அன்று பிற்பகல், தேசியப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் கொறிந்தியன்ஸ் தன் பழம் போட்டியாளராகிய பல்மெய்ராஸைப் பகயெம்பூ அரங்கில் சந்தித்தது. ஆட்டம் தொடங்குமுன் மௌனம் அனுட்டிக்கப்பட்டபோது, நடுவட்டத்தைச் சுற்றி நின்ற கொறிந்தியன்ஸ் வீரரும் அரங்கிலிருந்த மக்களும் வலக்கையை முட்டியாக உயர்த்தி நின்றனர். பட்டத்துக்கு அன்று சமநிலையே போதுமாயிருந்தது. கோல் எதுவுமின்றி ஆட்டம் முடிந்தது. கொறிந்தியன்ஸ் அவ்வாண்டின் பட்டத்தை வென்றது.